தெக்லாவின் வாயில் இருந்த பெயர்

கதை கேட்க உட்கார்ந்தவர்கள் முதலில் ஒரு விடுகதையை அவிழ்க்க வேண்டும். வாய்க்குள் இருக்கும், மெல்ல முடியாது; ஒரு கன்னத்தில் அடங்கும், ஊரே தேடினாலும் அகப்படாது; வைத்திருப்பவள் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, இழந்தவனுக்கோ அது இல்லாமல் ஒரு காரியமும் ஓடாது. அது என்ன? பல் என்று சொன்னவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நாக்கு என்று சொன்னவர்களும் பொறுங்கள். சின்னப்பர்பட்டியில் தெக்லா என்ற எட்டு வயதுப் பெண்ணிடம் கேட்டிருந்தால் அவளும் சொல்லியிருக்க மாட்டாள், ஏனென்றால் வாயை முழுசாகத் திறந்தால் விடையே வெளியே விழுந்துவிடும் என்று அவள் பயந்துகொண்டிருந்தாள்.

கம்பம் பள்ளத்தாக்கில், மலை தன் நிழலை நாலு மணிக்கே ஊர்மேல் போட்டுவிடுகிற இடத்தில் இருந்தது சின்னப்பர்பட்டி. சுற்றிலும் திராட்சைப் பந்தல்கள், நடுவில் கோயில், கோயிலை ஒட்டி வீடுகள். பெண்களில் பாதிப் பேர் பந்தலில் கொத்து வெட்டினார்கள், மீதிப் பேர் விடிந்ததும் ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் பழம் எடுக்கப் போனார்கள். தெக்லாவின் அம்மா மதலேன் மலைக்குப் போகிறவள். தெக்லாவின் அப்பா மஞ்சள்காமாலையில் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அந்த நான்கு வருடமும் மதலேன் ஒரே ஜீப்பில் ஒரே இடத்தில், ஓட்டுகிறவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து போய்வந்தாள். முப்பத்தெட்டு வயதுவரை கல்யாணம் ஆகாமல் இருந்த அந்த ஜீப்புக்காரர், போன ஐப்பசியில் ஒருநாள், ஏழாவது கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தி, பதினாலு பெண்கள் கேட்க, பின்னால் திரும்பிப் பாராமலே, தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். மதலேன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். பதினாலு பெண்களும் அவளோடு சேர்ந்து ஒரு வாரம் யோசித்தார்கள். அடுத்த வாரம், அதே வளைவில், அவள் சரி என்றாள்.

கோயில் கல்யாணம் சும்மா நடந்துவிடாது. மாப்பிள்ளை பிறந்த ஊரிலிருந்து ஞானஸ்நானச் சான்று வரவேண்டும், இறந்த கணவரின் அடக்கச் சான்றைப் பழைய பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டும், இருவரும் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் முன்னால் நின்று ஜெப மந்திரங்களை ஒப்புவிக்க வேண்டும், பிறகு மூன்று ஞாயிறுகளில் பூசையின் நடுவே ஓலை வாசிக்க வேண்டும். ஓலை என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று பங்குச் சாமியார் ஊர் அறியச் சொல்வது. ஈஸ்டருக்கு முந்தின நோன்பான தபசுகாலம் பிறந்துவிட்டால் கல்யாணம் கிடையாது என்பதால், அது தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமையை நாளாகக் குறித்திருந்தார்கள். பொங்கலுக்கு முந்தின ஞாயிறு முதல் ஓலை.

அன்றைக்குச் சாமியார் மதலேனின் பெயரை வாசித்தார். அது தூணில் தொங்கிய ஒலிபெருக்கியிலிருந்து வெளியே வந்து, எல்லாப் பெயர்களும் போகிற வழியில் கூரை ஓரமாகப் போய்க் கரைந்தது. அடுத்து மாப்பிள்ளையின் பெயரை வாசித்தார். அது கரையவில்லை. ஒலிபெருக்கியின் வாயில் கொஞ்சம் தயங்கி நின்று, காம்பு கழன்ற திராட்சைபோல் உருண்டு கீழே வந்து, முன்னால் பாயில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த தெக்லாவின் வாய்க்குள் விழுந்தது. தெக்லா வாயை மூடிக்கொண்டாள். விதையுள்ள பன்னீர் திராட்சை அளவுக்கு இருந்தது. ஏலக்காய் வாசமும் டீசல் வாசமும் அடித்தது. பூசையில் துப்பக் கூடாது என்று அவளுக்குத் தெரியும், அதனால் வலது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, பூசை முடிந்ததும் வெளியே போய்த் துப்பிவிடலாம் என்று இருந்தாள்.

துப்பியும் இருப்பாள். ஆனால் குகைபோல் கட்டியிருந்த மாதா கெபிக்குப் பக்கத்தில் பெண்கள் கூடி நின்றார்கள், நடுவில் ஜீப்புக்காரரின் அம்மா மரியபுஷ்பம் நின்றாள், மரியபுஷ்பத்தின் குரல் ஒலிபெருக்கி இல்லாமலே கேட்கிற குரல்.

"பிள்ளையக் கொண்டுபோயி சிஸ்டர்மாரு போர்டிங்ல விட்ருவோம். ஒத்த ரூம்பு வீட்டுல புதுசாக் கட்டுனவுக எங்கிட்டு இருப்பாக, பிள்ள எங்கிட்டு இருக்கும்?"

பெண்களில் சிலர் அதுவும் சரிதான் என்றார்கள். மதலேன் அங்கே இல்லை, சான்றிதழ் விஷயமாக உபதேசியாரிடம் பேசிக்கொண்டிருந்தாள். தெக்லா செடியோரம் போனவள் துப்பாமல் திரும்பி வந்தாள். அந்தப் பெயர் அவள் வாயில் தங்கியது இப்படித்தான்.

அன்று மத்தியானமே ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மரியபுஷ்பம் சாப்பிட வரச்சொல்லி மகனைக் கூப்பிட்டாள், வாயிலிருந்து இருமல்தான் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள், மறுபடியும் இருமல். மற்றவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவருக்குத் தும்மல் வந்தது, ஒருவருக்கு விக்கல், உபதேசியார் சூசைநாதனுக்கு வெறும் காற்று. திங்கட்கிழமை காலையில் மலைப்பாதைச் சாவடியில், ஓட்டுநர் பெயர் எழுதுகிற இடத்தில் மாப்பிள்ளையின் பேனா எழுதவில்லை. காவலர் தன் பேனாவைக் கொடுத்தார், அதுவும் அந்தக் கட்டத்தில் மட்டும் எழுதவில்லை, அடுத்த கட்டத்தில் எழுதியது. பெயர் இல்லாத வண்டிக்குத் தடுப்புக்கம்பம் உயராது என்று காவலர் வருத்தத்தோடு சொன்னார். பதினாலு பெண்களும் இறங்கி நடந்தார்கள். மறுநாளிலிருந்து அவருடைய ஜீப்பை வேறொருவர் ஓட்டினார். இந்தக் கதையை எழுதுகிறவருக்கும் அதே நிலைதான், அதனால் மாப்பிள்ளையை ஜீப்புக்காரர் என்றே சொல்லிக்கொண்டு போகலாம்.

சின்னப்பர்பட்டிக்காரர்கள் இதற்காகத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடவில்லை. முதலில் பெண்கள் சிரித்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லாமல் பிள்ளை பெற்று, பேரன் எடுத்து, சண்டை போட்டு, சமாதானமாகி, முப்பது வருடம் ஓட்டியவர்கள் நாங்கள், பெயர் இல்லாமல் குடும்பம் நடக்காது என்று எவர் சொன்னது என்று கேட்டார்கள். சாமியார் பொறுமையாகச் சொன்னார், வீட்டில் எப்படியோ, பீடத்துக்கு முன்னால் வாக்கு கொடுக்கும்போது பெண் மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும், அந்த ஒரு தடவை சொல்லாவிட்டால் கல்யாணம் இல்லை. அதற்கும் முன்னால், பெயர் இல்லாமல் இரண்டாம் ஓலையை அவர் எப்படி வாசிப்பது? ஞானஸ்நானச் சான்று வந்தபோது, அப்பா பெயர் இருந்தது, அம்மா பெயர் இருந்தது, ஞானத்தகப்பன் பெயர்கூட இருந்தது, பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய இடம் கழுவி வைத்த தட்டுபோல் இருந்தது.

வேறு பெயர் வைத்தால் என்ன என்று ஊர் யோசித்தது. ஆளாளுக்கு ஒரு பெயரைக் கொண்டுவந்தார்கள். சித்தப்பா பெயர், போரில் செத்த தாத்தா பெயர், பிறந்து மூன்றாம் நாள் போய்விட்ட தம்பிக்கு வைத்துப் பயன்படாமலே மிச்சமிருந்த பெயர், எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜீப்புக்காரர் மறுக்கத் தெரியாதவர், எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுப் பார்த்தார். காலையில் போட்ட பெயர் மத்தியானம்வரை நின்றது, சாயங்காலம் தோளிலிருந்து நழுவிவிட்டது. ஒரு பெயர் மட்டும் இரண்டு நாள் நின்றது, அதற்குள் அதன் பழைய சொந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டிய உதை ஒன்றைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகுதான் யாரோ ஒருத்தி காணாமல் போன பொருளுக்குக் கேட்க வேண்டிய ஆளிடம் இன்னும் கேட்கவே இல்லையே என்றாள். காணாமல் போனதைக் கண்டெடுத்துக் கொடுப்பவர் அந்தோணியார். செவ்வாய்க்கிழமை ஊர் கூடி அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றி நவநாள் ஜெபம் செய்தார்கள். பெயர் கிடைக்கவில்லை. ஆனால் அன்றைக்கே உபதேசியாரின் மனைவி பதினோரு வருடத்துக்கு முன் தொலைத்த மூக்குத்தி அரிசிப் பானையில் அகப்பட்டது. அடுத்த செவ்வாய் ஒரு குடை, ஒரு பள்ளிச் சான்றிதழ், ஒரு கெண்டி, இரண்டு ஆடுகள் கிடைத்தன. மூன்றாம் செவ்வாய், திருப்பூருக்குப் போய்க் கடிதம் போடாமல் இருந்த ஒருத்தியின் தம்பி, கையில் ஒரு தர்பூசணியோடு பேருந்திலிருந்து இறங்கி, ஏன் வந்தேன் என்று தெரியவில்லை அக்கா என்று சொல்லிக்கொண்டு வந்தான். செய்தி பரவியது. பக்கத்து ஊர்களிலிருந்து தொலைத்தவர்கள் எல்லாரும் மாட்டுவண்டியிலும் ஆட்டோவிலும் வந்து சேர்ந்தார்கள், தொலைத்தது என்னவென்றே மறந்துபோனவர்களும் ஒரு நம்பிக்கையில் வந்தார்கள். கோயில் வாசலில் மெழுகுதிரிக் கடையும் சுண்டல் கடையும் வந்தன. ஊருக்கு ஒன்று புரிந்தது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை: பெயர் கிடைக்காமல் இருக்கிறவரைக்கும் மற்றதெல்லாம் கிடைக்கும். அதற்குப் பிறகு பெயரைத் தேடுகிறதில் ஒருவருக்கும் பெரிய அவசரம் இருக்கவில்லை. இரண்டாம் ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறு வந்து போனது. மூன்றாம் ஓலைக்கான ஞாயிறும் வந்து போனது.

தெக்லாவுக்கு மட்டும் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இடது பக்கமாகவே மென்றாள், உதட்டோரமாகவே பேசினாள், தூங்கும்போது அதை நாக்குக்கு அடியில் போட்டுக்கொண்டாள். ஜீப் சத்தம் கேட்டால் அது கன்னத்துக்குள் திரும்பிப் படுத்துக்கொள்ளும். வகுப்பில் டீச்சர் வருகைப்பதிவு எடுக்கும்போது தன் முறைக்குக் காத்திருப்பதுபோல் பல்லில் வந்து முட்டும். பல்வலி என்று நினைத்து மதலேன் கிராம்பு வைத்தாள், பக்கத்து வீட்டுப் பெண் உப்புத் தண்ணீர் கொடுத்தாள். விழுங்கிவிடலாம் என்று தெக்லா பல தடவை நினைத்தாள். விழுங்கினால் ஒரேயடியாகப் போய்விடும், அப்புறம் கல்யாணம் இல்லை, போர்டிங் இல்லை. ஒவ்வொரு தடவையும் நாளைக்கு என்று தள்ளிப் போட்டாள்.

நாலாம் வாரம், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், கோயில் தோட்டத்துத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே ஜீப்புக்காரர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மெலிந்திருந்தார். கோழிகள் அவர் காலை ஏதோ பந்தல்கால் என்று நினைத்து உரசிக்கொண்டு போயின. நாய் அவரைப் பார்க்காமலே அவர் பக்கத்தில் சுருண்டு படுத்தது. தெக்லாவும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அவர் பல்வலி இன்னுமா என்று கேட்டார், அவள் தலையாட்டினாள். பிறகு, கேட்காமலே, அவராகச் சொல்லத் தொடங்கினார்.

"எங்கம்மா கூப்பிட்டா சோத்துல வச்ச கைய எடுத்துட்டு ஓடுவேன் பாப்பா. முப்பத்தெட்டு வருசப் பழக்கம். இப்ப அவுகளால கூப்பிட முடியல, நானும் ஓடல. ஒரே எடத்துல உக்காந்திருக்கேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா காலு தரையில பட்டுச்சா இல்லையான்னு குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட வேண்டியிருக்கு."

தெக்லா அவர் காலைப் பார்த்தாள். பட்டும் படாமலும் இருந்தது. உதட்டோரமாக, போர்டிங்கில் ஜன்னல் இருக்குமா என்று கேட்டாள். எந்த போர்டிங் என்றார். அவள் கெபிக்குப் பக்கத்தில் கேட்டதைச் சொன்னாள். ஜீப்புக்காரர் ஒரு கொடிச்சுருளை இழுத்து நீட்டி நீட்டி விட்டார்.

"எனக்குத் தெரியாது," என்றார் கடைசியில். "தெரிஞ்சிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பனான்னு கேட்டா, அதுவும் தெரியாது."

தெக்லாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அன்றைக்கு ராச்சாப்பாட்டை அவள் பாதியில் வைத்துவிட்டாள்.

சாமியார் மறைமாவட்ட ஆயருக்கு எழுதியிருந்தார். பதில் வந்தது. மீதி இரண்டு ஓலைகளையும் சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு ஒரே பூசையில் சேர்த்து வாசிக்கலாம், ஆனால் பெயரோடு வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈஸ்டர் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. ஈஸ்டருக்கு இன்னும் ஏழு வாரம். அதற்குள் அந்த மனிதரைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று பதினாலு பெண்களும் பேசிக்கொண்டார்கள். மதலேன் அதைக் கேட்டுக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்திருந்தாள், ஓட்டுகிற புதிய ஆளின் முதுகைப் பார்த்துக்கொண்டு.

இருந்தாலும் அவள் கல்யாணத்துக்குத் தயாராவதை நிறுத்தவில்லை. புடவைக்கு ஓரம் தைத்தாள், மந்திரங்களைப் பிழையில்லாமல் ஒப்புவித்தாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழாயடியில் ஏலக்காய்க் கறை படிந்த விரல்களை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டே வாக்குறுதியைச் சொல்லிப் பார்த்தாள். மதலேனாகிய நான், என்று தொடங்கி, பெயர் வர வேண்டிய இடத்தில் மூச்சு விட்டு, ஆகிய உம்மை என் கணவராக ஏற்றுக்கொள்கிறேன், இன்பத்திலும் துன்பத்திலும், என்று போனாள். பெயர் வர வேண்டிய இடத்தில், எதிரில் குந்தியிருந்த தெக்லாவின் வலது கன்னம் துள்ளியது. மறுபடி சொன்னாள், மறுபடி துள்ளியது. மூன்றாம் தடவை மதலேன் எலுமிச்சைத் தோலைக் கீழே வைத்தாள். ஈரக் கையை மகளின் கன்னத்தில் வைத்தாள். உள்ளங்கைக்கு அடியில், தோலுக்கு அந்தப் பக்கம், அது புரண்டு படுத்தது. நான்கு வருடம் அவரது முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போனவள், அவளுக்கு அடையாளம் தெரியாமல் இருக்குமா?

தெக்லா எழுந்து ஓடப் பார்த்தாள். மதலேன் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"துப்புன்னு சொல்லமாட்டேன்," என்றாள். "முழுங்குன்னும் சொல்லமாட்டேன். போர்டிங் பேச்சு என் காதுக்கும் வந்துச்சு. மாட்டேன்னுட்டேன். என் மாட்டேன் எம்புட்டு நாளைக்கு நிக்கும்னு எனக்கே தெரியல, தெக்லா. நீ முழுங்குனா நாளைக்கும் நாம ரெண்டு பேரும் இதே கஞ்சியக் குடிப்போம், நான் இதே மலைக்குப் போவேன். ஒன்னைய ஒரு வார்த்த வையமாட்டேன். ஆனா அழுவேன். அத மட்டும் பாத்துக்க."

பிறகு எலுமிச்சைத் தோலை எடுத்து மறுபடியும் விரலைத் தேய்க்கத் தொடங்கினாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஜீப்புக்காரரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஜீப்புக்காரர் வந்தார். மதலேனைக் கேட்கவில்லை. வாசலில், காற்றில் நகர்ந்துவிடாதபடி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, தெக்லாவைக் கூப்பிட்டார்.

"எங்கம்மாகிட்டச் சொல்லிட்டேன் பாப்பா. பிள்ள எங்களோடதான் இருக்கும்னேன். அவுக இருமிக்கிட்டே இருந்தாக. கூப்பிட்டு நிறுத்த முடியல, அதனால நானும் முழுசாச் சொல்லி முடிச்சிட்டேன். பேரு திரும்பி வந்து, அவுக ஒரு அதட்டுப் போட்டா, அதே பேச்சுல நிப்பேனான்னு தெரியல. நிக்கணும்னு இருக்கு. நீ கேட்டியே, அதனால வந்து சொல்றேன்."

சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து போனார். தெருவில் இருவர் அவரை இடித்துவிட்டு, இடித்தது தெரியாமல் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கொள்ளவில்லை. சின்னப்பர்பட்டிக்காரர்கள் உள்ளே, தொலைத்தவர்கள் வெளியே. ஜன்னல் கம்பிகளில் முகங்கள் நெருக்கிக்கொண்டிருந்தன. பெயர் இன்றைக்குக் கிடைத்துவிட்டால் நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை என்ன ஆகும் என்று அந்த முகங்கள் தங்களுக்குள் கிசுகிசுத்தன. மகளைத் தொலைத்த ஒருவர், இன்னும் ஒரே ஒரு செவ்வாய் இருந்தால் போதும் என்று அந்தோணியாரிடம் சத்தமாகவே கேட்டுக்கொண்டிருந்தார். மின்விசிறிகள் சுற்றின. பெண்கள் பக்கம் மதலேன் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தாள், விரல்களில் இன்னும் கொஞ்சம் கறை இருந்தது. ஆண்கள் பக்கம் ஜீப்புக்காரர் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், அவருடைய செருப்பில்லாத கால்களுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும். மரியபுஷ்பம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமலை அடக்கினாள்.

தெக்லா முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தாள். வாயெல்லாம் எச்சில் ஊறியிருந்தது, ஒரு மடக்கில் விழுங்கிவிடலாம். அது முட்டைக்குள்ளிருந்து குஞ்சு கொத்துவதுபோல் பல்லின் உள்பக்கத்தில் கொத்தியது. அவள் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள், மதலேன் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீப்புக்காரரைப் பார்த்தாள், அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

சாமியார் ஓலையைப் பிரித்தார். மதலேனின் பெயரை வாசித்தார், அவள் தகப்பன் பெயரை வாசித்தார், மாப்பிள்ளையின் தாய் தகப்பன் பெயரை வாசித்தார், அவர்களுடைய மகன், என்றார். அதற்குமேல் தாளில் ஒன்றும் இல்லை. அவர் நின்றார். கோயிலும் நின்றது.

தெக்லா பாயிலிருந்து எழுந்தாள். வாயைத் திறந்து, பெலவேந்திரன் என்றாள்.